ஒன்றை மறைக்க வாங்கிய விமானங்கள்

டாக்டர் ஒரு வெள்ளை வேட்டியை மடித்துத் தரையில் விரித்திருந்தார். நாங்கள் கொண்டுவந்த விமானங்கள் அதன்மேல் வரிசையாக நின்றன. ஒன்றுகூட என் கை நீளம் இல்லை. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்த பயணிகள் விமான மாதிரிகள். கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும். பார்ப்பதற்குத் தெரிவதைவிடக் கனமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பிள்ளையார்குப்பத்தில் டாக்டரின் வாடகை வீடு. அவர் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவர். விமானம் சேர்க்கிறவர்கள் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வீட்டில் கூடுவோம். வயதில் நான்தான் மூத்தவன். எனக்கு மட்டும் நாற்காலி.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யாராவது வந்தால், தன் முதல் விமானம் எப்படிக் கைக்கு வந்தது என்று அவர் சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகு பழைய ஆட்களும் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். எத்தனை முறை கேட்டிருந்தாலும் பரவாயில்லை. அதனாலேயே அந்தந்த முதல் விமானத்தைப் பெட்டியோடு கொண்டுவருவோம்.

அன்றைக்குப் புதியவர் செலியமேட்டிலிருந்து வந்திருந்த தணிகாசலம். கரும்பு விவசாயி. துண்டில் சுற்றி ஒரே ஒரு விமானம் கொண்டுவந்திருந்தார்.

“நா ஏறினதே இல்ல சார்,” என்று ஆரம்பித்தார். “தண்ணி பாய விட்டுட்டு வரப்புல மல்லாந்து படுத்துக்கினு பாப்பேன். அவ்ளோதான். பிரான்சுல கீற எங்க மச்சான் லீவுல வந்தவரு, அடுத்த வாட்டி உனக்கு இன்னா வாங்கியாரட்டும்னு கேட்டாரு. மேல போவுதே, அது ஒண்ணு வாங்கியான்னேன். குடிச்சிட்டுப் பேசறேன்னு நெனச்சாரு. ஆனா வாங்கியாந்துட்டாரு.”

“இப்ப எத்தன வச்சிருக்கீங்க?” என்றார் டாக்டர்.

“பதினொண்ணு. கீழ நின்னு பாத்ததுக்கே பதினொண்ணு. ஏறிப் பாத்திருந்தா நெலத்த வித்திருப்பேன். எங்க வூட்ல அதான் சொல்லுது, உன்ன ஏத்தவே கூடாதுய்யான்னு.”

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் வரிசையாகக் கதைகள் வந்தன. டாக்டருக்குச் சின்ன வயதில் டான்சில் ஆபரேஷன் நடந்ததும், கண் விழித்தபோது தலையணைக்குப் பக்கத்தில் ஒரு விமானம் இருந்ததும் எனக்கு மனப்பாடம். கடைசியில் என் முறை வந்தது.

“சென்னையில ஒரு கடை. கண்ணாடிக்குள்ள இருந்தது. பார்த்ததும் வாங்கிட்டேன்,” என்றேன்.

நான் சொல்லும் கதை எப்போதும் இதுதான். குட்டையான கதை. அதிகம் பேசாத மனுஷன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தணிகாசலம் என் விமானத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கரும்பில் குருத்துப்பூச்சியைத் தேடிப் பழகிய கண்கள். “இன்னா சார் இது? ரெக்கைக்குப் பின்னாடி ஒரு எடத்துல மட்டும் பளபளப்பு செத்துப் போயிருக்கு. இன்னாத்தயோ தேச்சி அழிச்சிருக்கீங்க?”

“வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது,” என்றேன்.

எழுபத்து நான்கு வயதில், ஒரு கரும்பு விவசாயியிடம், சட்டென்று, யோசிக்காமல் அந்தப் பொய்யைச் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கால் வலித்தது. ஆனால் களைப்பு காலில் இல்லை.

ஏன் இந்த வாரம்

இந்தத் தொடரில் இதுவரை நான் வேலை பார்த்த பள்ளிக்கூடங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். நடுவில் ஒரு வாரம், என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நூற்றுக்கு மேல் விமானங்கள் நிற்பதாகக் கொஞ்சம் பெருமையோடு ஒரு வரி எழுதிவிட்டேன். இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்று கேட்டு வாசகர்கள் எழுதினார்கள். சென்னைக் கடைக் கதையை உங்களுக்கும் எழுதி அனுப்பியிருப்பேன். அதற்குள் தணிகாசலம் வந்துவிட்டார்.

இதில் வரும் காதர் பாட்சாவின் பெயரை நான் மாற்றவில்லை. மாற்றட்டுமா என்று அவன் மகள் மும்தாஜிடம் கேட்டேன். “மாத்தாதீங்க சார். எங்க அத்தா பேரு புஸ்தகத்துல வரட்டும்,” என்றாள்.

குடுத்தனுப்புவது

நானும் காதரும் வில்லியனூரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் மேலே படித்து வாத்தியாரானேன். அவன் பாதியில் நிறுத்திவிட்டு அவன் சித்தப்பாவின் அரிசிக் கடையில் மூட்டை தூக்கினான். பிறகு துபாய் போனான். அங்கே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. “இங்க மூட்டை, அங்க சூட்கேஸு. வேற ஒண்ணும் இல்ல வாத்தியாரே,” என்பான்.

கொஞ்ச காலம் கழித்து நானும் அங்கே போனேன். ஒரு பள்ளியில் இரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்தேன். எனக்கு வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை, தனிமையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்தக் காலத்தில் ஒருவன் ஊருக்குப் போகிறான் என்றால் அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் அத்தனை பேருக்கும் அவன்தான் தபால்காரன். பெட்டியில் தன் சாமானுக்குப் பாதி, மற்றவர்கள் கொடுத்தனுப்புவதற்குப் பாதி. பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, கேட்கக் கூடாது. ஊரில் இறங்கிய மறுநாளே வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட வேண்டும். எழுதி வைக்காத சட்டம். அதை மீறிய ஆளை நான் பார்த்ததில்லை.

காதர் ஒரு பொட்டலம் கொடுத்தான். சோப்பு, பவுடர், தைலம், சேலைத்துணி, பேரீச்சம்பழம். எல்லாம் பெட்டிக்குள் போயின. ஒன்றை மட்டும் தனியாகக் கையில் கொடுத்தான்.

“இது பெட்டில வேணாம்பா. நான் தூக்கிப் போடுற மாதிரியே அங்கயும் எவனாவது தூக்கிப் போடுவான். மடியில வெச்சிக்கினு போ. பாப்பாவுக்கு.”

அவனே பெட்டியைத் திறந்து காட்டினான். நான்கு எஞ்சின் வைத்த ஜம்போ விமானம். இடது பக்கம், இறக்கைக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல் மேல் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்தான்.

“லீவுல வரும்போது அத்தா இந்த ஜன்னல்லதான் உக்காந்து வருவேன்னு சொல்லு. நானும் கடுதாசில எழுதறேன். அதுக்கு ஆறு வயசு ஆவுது. இன்னும் நான் எதுல வருவேன்னே தெரியாது. பஸ்சுலன்னு நெனச்சிக்கினு இருக்குதாம்.”

மடியில் இருந்தது

விமானம் மேலே ஏறிய பிறகு பெட்டியைத் திறந்தேன். சாப்பாடு வைக்கும் பலகையில் அதை நிறுத்தினேன். ஒரு விமானத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அதே மாதிரி இன்னொரு விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரங்கள் உருண்டன. வாலில் இருந்த எழுத்துகள் எறும்பைவிடச் சின்னவை, ஆனாலும் படிக்க முடிந்தது. எனக்குச் சின்ன வயதில் பொம்மை என்று எதுவும் இருந்ததில்லை. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிவிட்டார். நான் சென்னை வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காதர் வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவன் மனைவி ஜைத்தூன் தேநீர் போட்டுக் கொடுத்தாள். மும்தாஜ் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். விமானம் என் மேசைமேல் இருந்தது. வேண்டுமென்றே விட்டு வரவில்லை என்றுதான் அன்றைக்கு என்னிடமே சொல்லிக்கொண்டேன். இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நாளைக்கு என்பது ஒரு வாரமானது. ஒரு வாரம் ஆன பிறகு கொண்டுபோய்க் கொடுத்தால் ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பார்கள். அப்படியே ஒரு மாதம் ஓடியது.

பள்ளிக்கூட வராந்தா

காதரின் கடிதம் வந்திருக்கிறது. ஜைத்தூனுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். மூணாவது ஜன்னல், சிவப்புப் புள்ளி, குழந்தைக்குக் காட்டினாயா என்று எழுதியிருக்கிறான். அவள் நேராக, நான் திரும்பவும் வேலைக்குச் சேர்ந்திருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

இடைவேளை. வராந்தாவில் தலைமை ஆசிரியர், இன்னும் மூன்று வாத்தியார்கள். அவர்கள் நடுவில் நான்.

“அண்ணே, பாப்பாவுக்குப் பிளேனு ஒண்ணு குடுத்து வுட்டேன்னு எழுதிக்கீறாரு. மறந்துட்டீங்களா?”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவளே எனக்கு அந்த வழியை எடுத்துக் கொடுத்தாள். தலைமை ஆசிரியர் என் முகத்தைப் பார்த்தார்.

“அப்படி ஒண்ணும் குடுக்கலையேம்மா,” என்றேன்.

“நல்லா யோசிச்சிப் பாருங்கண்ணே.”

“பொட்டலத்துல இருந்தது எல்லாம் குடுத்துட்டேன். பிளேன் எதுவும் இல்ல.”

அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். என்னைச் சந்தேகப்படவில்லை. எனக்கு அன்று அது நிம்மதியாக இருந்தது. இன்று நினைத்தால் அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

அன்று சாயங்காலம் என் மனைவி வசந்தாவின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு அந்தச் சிவப்புப் புள்ளியைத் துடைத்தேன். புள்ளி போயிற்று. கூடவே வார்னிஷும் போய் அந்த இடம் மங்கிவிட்டது. சேர்க்கிறவர்கள் ஒரு சின்ன கறை இருந்தாலும் அதை எடுக்கத்தான் பார்ப்பார்கள், எங்கள் புத்தி அப்படி. பின்னாளில் நானும் அந்தப் பேரைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அன்று நான் எடுத்தது கறை இல்லை, அடையாளம்.

சேர்த்த விதம்

வசந்தா கேட்டாள். “இது யாருது?”

“என்னுது. துபாயில வாங்கினேன்.”

“ஒண்ணே ஒண்ணு எதுக்கு வாங்கினீங்க?”

சாதாரணமாகக் கேட்டாள். அலமாரியில் ஒரே ஒரு விமானம் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பத்து இருந்தால் கேட்க மாட்டார்கள், வாத்தியாருக்கு அதில் ஒரு பைத்தியம் என்று போய்விடுவார்கள்.

அப்படித்தான் இரண்டாவதைத் தேடினேன். புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில், பிரான்சுக்குக் குடிபோன யாரோ ஒரு குடும்பத்தின் பழைய சாமான்களுக்கு நடுவில், சக்கரம் உடைந்த ஒன்று கிடைத்தது. பக்கத்தில் நிறுத்தினேன். பிறகு மூன்றாவது. வெளிநாடு போகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன். எனக்கும் கொடுத்தனுப்பினார்கள். ஒருவரும் வழியில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழெட்டு சேர்ந்த பிறகு உண்மையாகவே பிடித்துப்போனது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். எந்த வருடத்து நிறம், எந்தப் பதிவு எழுத்து, எந்த அளவு என்று ராத்திரி பகலாகப் படித்தேன். இந்த ஊர்ப்பக்கம் இந்த வேலையை ஆரம்பித்து வைத்தவர் என்று இளைஞர்கள் என்னைச் சொல்கிறார்கள். ஆரம்பித்தது எதற்காக என்று அவர்களுக்குத் தெரியாது.

காதர் அந்த லீவுக்கு வரவில்லை. வருவதற்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது வேலையிடத்திலேயே மாரடைப்பு. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நான் துக்கம் கேட்கப் போனேன். ஆண்களோடு தெருவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். உள்ளே போகவில்லை.

சுல்தான்பேட்டை

டாக்டர் வீட்டுக் கூட்டம் முடிந்த மறுநாள் காலை பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வில்லியனூர் பஸ் ஏறினேன். வசந்தாவிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவள் அலமாரியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “இத்தன வருஷமா இத தொடச்சிக்கினு இருந்தேனே,” என்றாள்.

மும்தாஜ் சுல்தான்பேட்டையில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்தவள். என்னைப் பார்த்ததும் எழுந்து மெஷினை நிறுத்தினாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காராமல் பெட்டியைத் திறந்து மெஷின் பலகைமேல் விமானத்தை வைத்தேன்.

சொன்னேன். வழியெல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. “இது உன்னுது. உங்க அத்தா குடுத்தனுப்பினது. நான் எடுத்துக்கிட்டேன்,” என்று மட்டும் வந்தது.

அவள் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தாள். விரல் நகத்தால் இடது பக்கம், இறக்கைக்குப் பின்னால் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மங்கிய இடத்தில் நகம் நின்றது.

“இங்கதான?”

“ஆமாம்.”

“அழிச்சிட்டீங்களா?”

“ஆமாம்.”

“எனக்கு இந்தத் தெருவுல இன்னா பேரு தெரியுமா சார்? பிளேனு மும்தாஜ். எங்க அத்தா பிளேனு அனுப்பிக்கீறாரு, ஜன்னல்ல புள்ளி வெச்சிக்கீறாருன்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லி வெச்சேன். வரவே இல்ல. இன்னிக்கும் கறிக்கடை பாய் கேப்பாரு, இன்னாமா, பிளேனு எறங்கிச்சான்னு. கிழவியாயிட்டேன், இன்னும் கேக்கறாங்க.”

சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் சிரிப்பு இல்லை.

“அது போவட்டும் சார். பொம்மைதான. எங்கம்மா கதை தெரியுமா உங்களுக்கு? நீங்க இல்லன்னு சொன்னதும் அத்தாவுக்கு எழுதச் சொல்லிச்சி. வாத்தியாரு பொய் சொல்ல மாட்டாரு, நீங்கதான் பொய் சொல்றீங்க, அங்க யாருக்கு வாங்கிக் குடுத்தீங்களோன்னு. அத்தா சத்தியம் பண்ணி எழுதனாரு. மூணு கடுதாசி. அம்மா ஒண்ணுக்கும் பதில் போடல. அப்புறம் கடுதாசி வரல. சேதிதான் வந்துச்சி.”

காதர் எனக்கு ஏன் எழுதவில்லை என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். வாத்தியார் எடுத்திருப்பான் என்று அவனுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

“மன்னிச்சிடும்மா,” என்றேன்.

“என்கிட்ட கேக்காதீங்க. உள்ள வாங்க. அம்மாகிட்ட சொல்லுங்க.” விமானத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தவள் திரும்பினாள். “கத்திச் சொல்லணும். அதுக்குக் காது கேக்காது.”

கத்திச் சொன்னது

ஜைத்தூன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு முக்காட்டைச் சரிசெய்தாள். “வாங்கண்ணே. அண்ணி நல்லா கீறாங்களா?” என்றாள். மும்தாஜ் விமானத்தை அவள் மடியில் வைத்தாள்.

“காதர் அனுப்பினதும்மா இது,” என்றேன்.

“இன்னா?”

“காதர்! பாப்பாவுக்கு அனுப்பின பிளேன்!”

“கேக்கல. சத்தமா சொல்லுங்கண்ணே.”

வாழ்நாளெல்லாம் நாற்பது ஐம்பது பேருக்குக் கேட்கும்படி பேசிப் பிழைத்தவன். அந்தக் குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் கத்துவது மாதிரி கத்தினேன்.

“காதர் இத குடுத்தனுப்பினான்! நான்தான் திருடிக்கிட்டேன்! உன்கிட்ட பொய் சொன்னேன்!”

வெளியே தெருவில் பேச்சு நின்றது. யாரோ ஒரு பெண் வாசற்படியில் வந்து எட்டிப்பார்த்தாள். மும்தாஜ் அவளைப் போகச் சொல்லவில்லை. கதவையும் சாத்தவில்லை.

ஜைத்தூன் விமானத்தைத் தொட்டுப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

“அப்ப அவரு அனுப்பிக்கீறாரு,” என்றாள்.

“அனுப்பினான்!”

“பொய் சொல்லல.”

“சொல்லல!”

“நான்தான் எழுதச் சொன்னேன், நீ பொய்யன்னு. அந்த வார்த்தையவே எழுதச் சொன்னேன்.” இதை என்னிடம் சொல்லவில்லை. மகளிடமும் இல்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லாத முகம். படித்தவரிடம் ஒரு விவரம் கேட்கிற முகம்.

“நான் தெரிஞ்சிக்கினேன்னு அவருக்கு இப்ப யாருண்ணே போயி சொல்றது?”

“தெரியலம்மா,” என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. காதைக் கையால் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். இன்னொரு முறை, தெருவுக்கே கேட்கும்படி, கத்திச் சொன்னேன்.